பதினான்காம் எண் காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை இருபத்தாறு ஆண்டுகளாக முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து அச்சகத்தின் பெயர்வரை ஒன்றுவிடாமல் படித்துவரும் வாசகன், ஓய்வுபெற்ற அடையாள அட்டைப் பிரிவுத் தலைமை எழுத்தர், பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். அவ்விடம் தாங்களும், துணை ஆசிரியர்களும், பிழை திருத்துபவரும் (அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே சில நாள் சந்தேகம் வருகிறது) நலமாக இருக்க வேண்டுகிறேன். கலவரத்தில் உடைந்த தங்கள் அலுவலகத்து முன்கண்ணாடியை மாற்றிவிட்டதாகப் படித்தேன். நிம்மதி.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத் திங்கட்கிழமை மூன்றாம் பக்கத்தில் 'கழுகுக் கண் பெரியவர்' என்று தலைப்பிட்டுப் படத்தோடு போட்டீர்களே, அது நான்தான். படத்தில் என் காதுகள் இரண்டையும் வெட்டிவிட்டீர்கள். அதைக் கண்டித்துத் தனியாக ஒரு கடிதம் எழுத இருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. இந்தக் கடிதம் ஒரு திருத்தம் வேண்டி. எழுத்துப் பிழைக்கான திருத்தம் அல்ல, ஓர் ஆளைப் பற்றிய திருத்தம். நாளை வெள்ளிக்கிழமை அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து பெரிய ஜெயிலுக்குப் போய்விட்டால் எப்போது வெளியே வருவார், எந்த நிலையில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, நீளமாக இருக்கிறதே என்று பாதியில் வைத்துவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஐயாயிரம் பேர் வேலை செய்த தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அடையாள அட்டை போட்டுக் கொடுத்தவன் நான். ஆளை முக்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு காட்டி அழுத்துவது எல்லாம் என் மேசையில்தான் நடக்கும். எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு: படத்தில் வலது காது தெரிய வேண்டும். மனிதன் மீசை வளர்ப்பான், எடுப்பான், பல் கட்டிக்கொள்வான், தலைக்குச் சாயம் பூசுவான்; காதை மட்டும் ஒன்றும் செய்வதில்லை. கடைசிப் பத்து வருடம் நான் யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, காதைப் பார்த்தே 'நீ பெயின்ட் பிரிவு, இரண்டாவது ஷிப்ட்' என்று சொல்லிவிடுவேன். பெயர் எனக்கு நினைவில் நிற்காது, காது நிற்கும். ஓய்வுபெற்ற அன்று எல்லோரும் வரிசையில் வந்து கையைக் குலுக்கினார்கள், நான் ஒவ்வொருவர் காதையும் பார்த்து விடைகொடுத்தேன்.

கலவரம் எப்படித் தொடங்கியது என்று தாங்களே எழுதினீர்கள். தள்ளுவண்டியில் பழம் விற்ற ஒருவரை விசாரணை என்று திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வைத்து அவர் உடலை வீட்டாரிடம் கொடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கடைவீதியில் கூட்டம் சேர்ந்து, ஐந்து மணிக்குள் ஒரு பேருந்தும் பதினோரு கடைகளும் எரிந்துவிட்டன. மறுநாள் தங்கள் இதழில் அதைப் படித்துவிட்டு, "இதயம் பலவீனமா இருக்கிற ஆளு எதுக்கு வண்டி தள்ளப் போனாரு?" என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கூட்டம் போட்டோம், போலீஸ் என்ன செய்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காக. பதினாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அந்தப் படிக்கட்டில் எரியாத விளக்கை மூன்று மாதமாக மாற்றவில்லை. ஒரு நகரத்தையே அடக்குவதற்கு மட்டும் ஆளுக்கொரு திட்டம் கைவசம் இருந்தது. கீழ்வீட்டுப் பல் டாக்டர், முழங்காலுக்குக் கீழே சுட வேண்டும் என்றார். மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர், "அவங்களும் நம்ம பிள்ளைங்கதானே, உட்காரவெச்சுப் பேசணும்" என்று கண்கலங்கினார். அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்து, டீச்சர் கடைவீதியில் விட்டுவிட்டு வந்த ஸ்கூட்டரில் கைப்பிடிதான் மிச்சம் என்று சொன்னார். டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பல் டாக்டரிடம், "ஏன் டாக்டர், கீழேதான் சுடணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் முழங்காலோடு நிற்கிற ஆளே இல்லை. தாங்கள் 'வாசகர் தீர்ப்பு' என்று ஒரு கூப்பன் வெளியிட்டு, பேச்சு, தடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி என்று நான்கு கட்டம் போட்டிருந்தீர்கள் அல்லவா, நான் நான்காவது கட்டத்தில் குறியிட்டேன். ஒருவருக்கு ஒரு கூப்பன் என்று போட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் படித்துமுடித்த இதழ்களை வாங்கி ஆறு கூப்பன் அனுப்பினேன். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் துப்பாக்கியை ஆதரிப்பதாகத் தாங்கள் முடிவு வெளியிட்டீர்கள். அதில் ஆறு பேர் நான்.

வியாழக்கிழமை இதழில் 'இவர்களைத் தெரியுமா?' என்று நாற்பது படங்கள் வந்தன. வங்கி வாசல் கேமரா எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் எண்ணும் நேரமும் இருந்தன. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பதினான்காம் எண், நேரம் நான்கு பத்து. தலையில் தொப்பி, முகத்தில் கைக்குட்டை, கையில் இரும்புக்கம்பி. முகம் என்று ஒன்றும் இல்லை, வலது காது மட்டும் இருந்தது. மேல்மடிப்பு சற்று வெளியே சாய்ந்து, மடல் கன்னத்தோடு ஒட்டிய காது. பார்த்த மாத்திரத்தில், இது நமக்கு நன்றாகப் பழகிய காது, அதுவும் சமீபத்தில் மிகப் பக்கத்திலிருந்து பார்த்த காது என்று மனம் அடித்துக்கொண்டது. பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வரும் பிளம்பர். 'வால்வு' என்றுதான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். பயத்தில் அல்ல, மகிழ்ச்சியில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மகிழ்ச்சிதான். ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து, என் மேசையையும் முக்காலியையும் யாரோ கொண்டுவந்து திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது. கலந்து பேச வீட்டில் ஆள் இல்லை. என் மனைவி அன்று காலைதான் தன் அக்காவைப் பார்க்க வெளியூர் கிளம்பிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். 'தகவல் மேசை' என்று போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை நான் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் கணவரின் தம்பியை மூன்று படங்களில் கண்டுபிடித்திருந்தார். "ஒரே ஆளு எப்படிம்மா மூணு இடத்துல?" என்று காவலர் கேட்டார். "அவன் அப்படித்தாங்க, ஒரு இடத்துல நிக்கமாட்டான்" என்றார் அந்த அம்மாள். மூன்றையும் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர், வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரரின் குடும்பப் படத்தையே கையோடு கொண்டுவந்திருந்தார். "நாற்பதுல எதுன்னு நான் பார்க்கலை சார், இதுலேர்ந்து உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கங்க" என்று அவர் சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். என் முறை வந்தது. படிவத்தில் 'பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எட்டு வருடமாக வீட்டுக்கு வருகிற மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. 'வால்வு' என்று எழுதினேன். காவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பட்டப்பேர் இருக்கா? அப்ப பழைய ஆளுதான் சார். நிச்சயம்தானே?" என்றார். அந்த ஒரு கணம் உள்ளே ஏதோ உறுத்தியது. பின்னால் இருபது பேர், "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்றார்கள். நிச்சயம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தவரை அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். "'வால்வு' என்ற பட்டப்பெயரில் உலவிவந்தவர் பயங்கர ஆயுதத்துடன் பிடிபட்டார்" என்று போட்டீர்கள். ஆயுதத்தின் படமும் போட்டீர்கள். அது குழாய் ரெஞ்சு என்று ஒரு சின்னக் குழந்தைக்குத் தெரியும். நாற்பது படத்துக்கு அறுபத்திரண்டு பேர் கைதாகியிருக்கிறார்கள் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அந்தக் கணக்கு என் கண்ணில் படவில்லை, என் படம்தான் பட்டது. பல் டாக்டர் என்னைக் கூப்பிட்டு இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிட்டார். காவலாளி, ஆறு வருடத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அந்தப் பக்கத்தைப் பிரேம் போடக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை மாலை மனைவி ஊரிலிருந்து வந்தபோதும் ஒன்றும் சொல்லாமல், பிரேம் வந்ததும் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நேற்று, புதன்கிழமை, பிரேமுக்கு முன்னால் பிளம்பரின் மனைவி வந்துவிட்டார். துணி தைத்துப் பிழைப்பவர். பேப்பர் வாங்கும் வழக்கம் இல்லாதவர் என்பதால் காட்டிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. என்னிடம் உதவி கேட்டு வந்திருந்தார்.

"சார், போன வாரம் செவ்வாய்க்கிழமை அவரு உங்க வீட்லதானே இருந்தாரு?" என்றார்.

"நம்ம வீட்லயா?" என்றேன்.

"அதையேதான் அங்க சொல்லிக்கிட்டிருக்காரு. 'அந்த சாரைக் கேளுங்க, அவருதான் டார்ச் பிடிச்சாரு'ன்னு. அதைச் சொல்லும்போதெல்லாம் அடிக்கிறாங்க சார். வலது கையில மூணு விரல் மடங்கலை. விரல் மடங்காம அவரு எதைப் பிடிச்சு வேலை செய்வாரு? நாளன்னைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அதுக்குள்ள நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

உள்ளேயிருந்து என் மனைவி, "வருவாரும்மா. நீ தைரியமாப் போ" என்றாள். அவர் போனதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு மணிக்கு வந்தார், அஞ்சரைக்குப் போனார். வெளியே ஒரே புகையா இருக்கு, அடங்கினதும் போலாம்னு நான்தான் இருக்கச் சொன்னேன். டீ போட்டுக் குடுத்தேன். நீங்க டார்ச் பிடிச்சீங்க. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

அப்போது பார்த்துக் கடைக்காரர் பிரேமைக் கொண்டுவந்து கொடுத்தார். அவளே வாங்கிப் பிரித்தாள். முழுவதும் படித்தாள். "எட்டு வருஷமா வர்ற மனுஷன். அவர் பேருகூடவா தெரியாது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

ஆசிரியர் அவர்களே, நான் பொய்யன் இல்லை. குழாய் கசிந்த நாள் மனதில் ஓர் அறையிலும் கலவரம் நடந்த நாள் வேறோர் அறையிலும் இருந்தன. இரண்டும் ஒரே செவ்வாய்க்கிழமை என்பது உறைக்கவே இல்லை. அன்று கரண்ட் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே பிளம்பர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அலமாரிக்குள் முகத்தை நுழைத்திருந்தார். வலது காது மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் டார்ச் அடித்தபடி இரண்டு மணி நேரம் குனிந்து நின்றேன். என் வாழ்நாளில் ஒரு காதை அவ்வளவு நேரம், அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நல்ல வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. நான்கு பத்துக்கு யாரோ ஒருவன் கடைவீதியில் கம்பியோடு ஓடியபோது இந்தக் காது என் டார்ச் வெளிச்சத்தில் இருந்தது. அது எனக்குப் பழகிய காதாகத் தோன்றியதற்குக் காரணமே அவர் அங்கே இல்லாமல் என் வீட்டில் இருந்ததுதான். நேற்று மறுபடியும் பூதக்கண்ணாடி வைத்துப் பதினான்காம் எண்ணைப் பார்த்தேன். காதே இல்லை. தங்கள் அச்சகத்து மைப்புள்ளிகள் கொஞ்சம் இருந்தன, அவ்வளவுதான்.

உடனே ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். நேற்று மாலை வாசலில் நின்ற காவலர் எனக்கு சல்யூட் அடித்து, "என்ன சார், இன்னொருத்தன் கிடைச்சிட்டானா?" என்றார். சும்மா நடைப்பயிற்சிக்கு வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். இன்று காலையும் போனேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தள்ளுவண்டிக்காரரும் திங்கட்கிழமை உள்ளே போகும்போது நன்றாகத்தான் நடந்து போனார். போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று தாங்கள் இப்போது கேட்டால் கட்டத்தில் குறியிடாமல் சொல்கிறேன்: அடிப்பதற்கு முன்னால் இரண்டு தெரு தாண்டி வந்து என் கதவைத் தட்டி, 'இவர் இங்கே இருந்தாரா?' என்று கேட்டிருக்க வேண்டும். தடி வேண்டாம், புகை வேண்டாம், ஒரு காவலரும் ஒரு கதவும் போதும்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, நாளைய இதழிலேயே, முதல் பக்கத்தில், கீழ்க்கண்டவாறு வெளியிட வேண்டும்: 'பதினான்காம் எண் படத்தில் இருப்பவர் இன்னார் என்று நான் சொன்னது தவறு. அந்த நேரத்தில் அவர் என் வீட்டில் குழாய் சரிசெய்துகொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன்.' அத்துடன் 'வாசகர் தீர்ப்பு' முடிவில் ஆறு பேரைக் கழித்துவிடவும். இதன் நகலை எடுத்துக்கொண்டு இன்று பிற்பகல் நானே இன்ஸ்பெக்டரைப் பார்த்து எழுத்துமூலம் கொடுக்கப்போகிறேன். இந்த முறை வாசலில் யார் சல்யூட் அடித்தாலும் நிற்பதாக இல்லை. என் மனைவிக்கும் சொல்லிவிட்டேன்.

தங்கள் அச்சு இயந்திரம் ஓயாது ஓடவும், தங்கள் முன்கண்ணாடி இனியாவது முழுதாக நிற்கவும், தங்கள் இல்லத்தார் எந்தப் படத்திலும் எந்த எண்ணோடும் வராதிருக்கவும் வாழ்த்தி முடிக்கும்,

தங்கள் உண்மையுள்ள வாசகன்.

பி.கு.: மேற்கண்டதை வெளியிட வேண்டாம். போய்விட்டு வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் மிகவும் தன்மையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், நான் நீட்டிய நகலைப் பொறுமையாகப் படித்து, நாலாக மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். "தப்பாச் சொன்னேன்னு இப்பச் சொன்னீங்கன்னா பொய்த் தகவல்னு உங்க மேலதான் சார் கேஸ் வரும். வயசானவரு, உள்ள வெச்சா தாங்குவீங்களா? இதயமெல்லாம் எப்படி இருக்கு?" என்று அக்கறையோடு விசாரித்தார். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். அன்று பிற்பகல் முழுவதும் என் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று இடத்தில். இந்தக் கடிதத்தையும் கிழித்திருக்கலாம். உறையில் தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொன்னீங்களா?" என்றாள். நான் கால் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவளையும் காணவில்லை, அவள் செருப்பையும் காணவில்லை. இதுவரை எழுதியபோது இன்ஸ்பெக்டர் போன் செய்தார். "சார், இங்க ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்காங்க. பிளம்பர் அன்னைக்கு எங்க வீட்லதான் இருந்தாரு, எழுதிக்கங்க, எழுதாம போகமாட்டேன்கறாங்க. உங்க மனைவின்னு வேற சொல்றாங்க. அப்ப நீங்க போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆகுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பின்னால் அவள் யாரிடமோ நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. முகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.